காணும் கண்ணும் சொல்லும் வாயும்

மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்களைப் பற்றிக் கேள்விப்படாத தமிழர் இலர். பூரணை நிலவில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீருள் அமிழ்த்தி, மறு நுனியில் காதை வைத்துக் கேட்டால் நீரடியிலிருந்து இன்னொலி எழும் என்பர். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அதனிடமிருந்து வரும் அலையைப் பிடித்து அறியலாம் என்னும் உண்மையை இவ்வாவிக் கரை மக்கள் விஞ்ஞானக் கூடம் எதிலும் காலடி வைக்காமலே அறிந்திருந்தனர்.

இங்கிலாந்தும் முதலில் இதே வழியைத்தான் நாடியது. முதலாம் உலக யுத்தத்தில் ஜெர்மானியர் லண்டன் நகரின் மீது வானிலிருந்து குண்டு வீசினர். அந்த அச்சத்தின் விளைவாக, கெண்ட் கரையோரத்தில் கொங்கிறீற்றினால் ‘ஒலி ஆடிகள்’ கட்டப்பட்டன. டெஞ்ச் என்னும் இடத்தில் 200 அடி நீளமான வளைந்த சுவர் ஒன்று இன்றும் நிற்கிறது. தொலைவில் வரும் விமானத்தின் இரைச்சலைத் திரட்டிக் காவலாளியின் செவிக்குக் கொடுப்பது அதன் வேலை. ஆனால் ஒலியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 750 மைல்தான். விமானங்களின் வேகமோ 1930களில் 200 மைலைத் தாண்டிவிட்டது. சுவர் கேட்டுச் சொல்லி முடிப்பதற்குள் விமானம் தலைக்கு மேலே வந்துவிடும். செவி தோற்ற அந்த இடத்தில்தான், வானொலி அலையினால் காணும் கண்ணாகிய ராடர் பிறந்தது.

அது எவ்வாறு பிறந்தது? யாருடைய உழைப்பால் வளர்ந்தது? 1942ஆம் ஆண்டு அது நமது தீவுக்கு வந்தபோது யாரைக் காத்தது, யாரைக் காவாது விட்டது? இவற்றை ஆராய்வது பழைய யுத்தக் கதை பேசுவதாகாது. ஆபத்தை முன்கூட்டி அறியும் ஆற்றல் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அதனுள் அடங்கியிருக்கிறது. கடலையே அண்டை வீடாகக் கொண்ட கிழக்கிலங்கை மக்களுக்கு அதைவிட முக்கியமான கேள்வி வேறென்ன?

ராடரின் தொடக்கம் விசித்திரமானது. பகைவனைத் தொலைவிலிருந்தே கொல்லும் ‘மரணக் கதிர்’ ஒன்றை உண்டாக்க முடியுமா என்று பிரித்தானிய விமான அமைச்சு அறிய விரும்பியது. அங்கு விஞ்ஞான ஆராய்ச்சிக்குப் பொறுப்பாயிருந்த விம்பெரிஸ், அக்கேள்வியை ரொபேட் வாட்சன் வாட்டிடம் விடுத்தார். வாட்சன் வாட் ஸ்கொட்லாந்தில் தச்சர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர். இடிமின்னல் எழுப்பும் வானொலி அலைகளைக் கொண்டு புயலின் திசையைக் கண்டறிந்து விமானிகளை எச்சரிக்கும் ஆராய்ச்சியில் முதிர்ந்தவர். யுத்தத்தின் கண்ணாகப் புகழ் பெற்ற ராடரின் வேர் மழைக்கும் புயலுக்கும் அஞ்சிய மனிதரின் தேவையிலே ஊன்றியிருந்தது என்பதை இங்கே மனத்திற் கொள்ளவேண்டும்.

வாட்சன் வாட் அந்தக் கேள்வியைத் தமது உதவியாளரான ஆர்னல்ட் வில்கின்ஸ் என்னும் இளைஞரிடம் ஒரு கணக்காக மாற்றிக் கொடுத்தார். குறித்த தொலைவிலும் உயரத்திலும் உள்ள எட்டுப் பைண்ட் நீரை 98 பாகையிலிருந்து 105 பாகைக்குச் சூடேற்ற எவ்வளவு வானொலிச் சக்தி வேண்டும் என்பதே கணக்கு. அது மனித உடலிலுள்ள குருதியின் அளவு என்று வில்கின்ஸ் உடனே புரிந்துகொண்டார். கணக்கிட்டபோது, மரணக் கதிர் வெறும் கற்பனை என்பது தெளிவாயிற்று. அப்படியானால் விமான அமைச்சுக்கு வேறு எவ்வகையில் உதவலாம் என்ற பேச்சு எழுந்தது. தபால் திணைக்களப் பொறியியலாளர் எழுதிய ஓர் அறிக்கை அப்பொழுது வில்கின்ஸின் நினைவுக்கு வந்தது. விமானம் பறந்து செல்லும்போது தங்கள் வானொலித் தொடர்பு குழம்புகிறது என்று அவர்கள் குறைப்பட்டிருந்தனர். குறையாகக் கூறப்பட்ட அதுவே வழியாயிற்று. விமானத்தின் மீது பட்டு அலை திரும்புகிறது. திரும்பும் அலையைப் பிடித்தால் விமானம் இருக்கும் இடத்தை அறியலாம்!

வாட்சன் வாட்டின் குறிப்பு 1935 பெப்ரவரி 12இல் அரசாங்கத்தின் கைக்குச் சென்றது. கணக்கை மட்டும் நம்பிப் பணம் ஒதுக்க முடியாது, கண்ணால் காணவேண்டும் என்றார் விமானப்படை அதிகாரி டௌடிங். பெப்ரவரி 26இல், டவென்ட்ரியிலிருந்த பி.பி.சி. நிலையத்தின் அலைவரம்புக்குள் ஒரு வயல் வெளியில் பழைய வண்டியொன்று நிறுத்தப்பட்டது. உள்ளே வில்கின்ஸ் இணைத்த கருவி. வானிலே ஹெய்போர்ட் ரகக் குண்டு விமானம் ஒன்று போய் வந்தது. திரையின் பச்சைப் புள்ளி அசைந்து நீண்டது. எட்டு மைல் தொலைவு வரை விமானம் ‘தெரிந்தது’. பரிசோதனை வெற்றி. 10,000 பவுண் ஒதுக்கப்பட்டது.

அவ்வாண்டு மே மாதம் ஓர்போர்ட் நெஸ் என்னும் கடலோரச் சதுப்பு நிலத்திலும், அடுத்த ஆண்டு போட்சி என்னும் மாளிகையிலும் ஆராய்ச்சி தொடர்ந்தது. டிசார்ட் தலைமையிலான விஞ்ஞானக் குழு அதற்கு வழிகாட்டியது. சோஷலிச எண்ணமுடைய பௌதிக விஞ்ஞானி பிளாக்கெட் அக்குழுவில் ஓர் உறுப்பினர். வேல்ஸ் நாட்டு இளைஞர் போவன், விமானத்திலேயே பொருத்தக்கூடிய சிறு ராடரை உருவாக்கும் பணியை மேற்கொண்டார். கடற்கரை நெடுகிலும் 360 அடி உயர இரும்புக் கோபுரங்களும் 240 அடி உயர மரக் கோபுரங்களும் எழுந்தன. அக்கோபுரங்களில் காற்றோடும் குளிரோடும் போராடி ஏறி ஆணி அறைந்த தொழிலாளரின் பெயர்களைச் சரித்திரம் பதிந்து வைக்கவில்லை.

இங்கே பொதுவாக நிலவும் தவறான எண்ணம் ஒன்றை விலக்கவேண்டும். ராடர் என்றால் பிரித்தானியர் மட்டுமே கண்டுபிடித்த அற்புதம் என்று கூறுவோர் உளர். அது சரியன்று. ஹூல்ஸ்மெயர் என்னும் ஜெர்மானியர் 1904இலேயே, தொலைவிலுள்ள கப்பலை வானொலி அலையால் அறியும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். 1930களில் ஜெர்மனி, அமெரிக்கா, சோவியத் நாடு, பிரான்ஸ் முதலிய பல நாடுகளிலும் இதே ஆராய்ச்சி நடந்தது. யுத்தம் தொடங்கிய வேளையில் ஜெர்மானியரின் கருவிகள் சில நுட்பத்தில் பிரித்தானியக் கருவிகளிலும் மேலானவையாகவே இருந்தன.

அப்படியானால் 1940ஆம் ஆண்டு வான் போரில் இங்கிலாந்தைக் காத்தது எது? கருவி மட்டுமன்று, கருவியைச் சூழ்ந்த மனிதரின் அமைப்பு. ராடர் நிலையத்தில் இருந்தவர் புள்ளியைக் கண்டதும் தொலைபேசியில் சொன்னார். பல நிலையங்களின் செய்திகளும் ‘வடிகட்டும் அறை’க்கு வந்தன. பிழையும் இரட்டிப்பும் அங்கே நீக்கப்பட்டன. பெரிய மேசைமேல் விரித்த தேசப்படத்தில் பெண்கள் நீண்ட கோல்களால் அடையாளங்களை நகர்த்தினர். அதைப் பார்த்து, எந்தத் தளத்திலிருந்து எத்தனை விமானங்கள் எழவேண்டும் என்று கட்டளை பிறந்தது. இவையெல்லாம் சில நிமிடங்களில் நடந்தன. டௌடிங் கட்டியெழுப்பிய இந்தச் சங்கிலியில் ஒரு கணு அறுந்தாலும் கோபுரங்கள் வெறும் இரும்பும் மரமும்தான்.

அக்கணுக்களில் பெரும்பாலானவற்றைத் தாங்கியவர்கள் பெண்கள். 1940 ஆகஸ்ட் 18இல் போலிங் நிலையத்தின்மீது குண்டுகள் விழுந்தபோது, ஏவிஸ் ஹேர்ன் என்னும் இளம்பெண் தமது இருக்கையை விட்டு எழவில்லை. கட்டிடம் அதிரவும் தொலைபேசியில் இலக்கங்களைச் சொல்லிக்கொண்டேயிருந்தார். அவருக்கு இராணுவப் பதக்கம் வழங்கப்பட்டது. 1940இல் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ராண்டலும் பூட்டும் உருவாக்கிய மக்னெட்ரன் குழாய், ராடரைக் கப்பலிலும் விமானத்திலும் ஏற்றத்தக்க சிறு உருவத்துக்குக் கொண்டு வந்தது. இவ்வாறு எத்தனையோ கைகள் சேர்ந்து செய்த வேலை இது. ஆயினும் புகழ் ஒரு பெயரையே பற்றிக்கொண்டது. வாட்சன் வாட் 1942இல் ‘சேர்’ பட்டம் பெற்றார். 1952இல் கண்டுபிடிப்பாளருக்கான அரச ஆணைக்குழு அவருக்கு 50,000 பவுண் பரிசளித்தது. கணக்கைப் போட்டு வழியையும் கண்டுரைத்த வில்கின்ஸின் பெயரைப் பாடநூல்களில் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

காணும் கண் இருந்தும் சொல்லும் வாய் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு உதாரணம் பேர்ள் துறைமுகம். 1941 டிசம்பர் 7 காலை, ஹவாய்த் தீவின் ஒபானா மலையிலிருந்த ராடரில் பெரும் விமானக் கூட்டம் தெரிந்தது. பணியிலிருந்த இரு சிப்பாய்கள் செய்தியை அனுப்பினர். அதைக் கேட்ட அதிகாரி, நமது விமானங்களாகத்தான் இருக்கும், கவலை வேண்டாம் என்று விட்டுவிட்டார். கருவி கண்டது; செய்தி வழியில் மாண்டது. அன்று அத்தாக்குதலை நடத்திய ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களே நான்கு மாதங்களின் பின் இலங்கையை நோக்கி வந்தன.

1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் மாதத்தில் ரங்கூன் விழுந்தது. அப்பொழுதுதான் ஏகாதிபத்தியத்துக்கு இலங்கையின் நினைவு தீவிரமாக வந்தது. தேயிலையும் இறப்பரும் திருகோணமலைத் துறைமுகமும் கைநழுவும் நிலை. டவென்ட்ரிப் பரிசோதனை முடிந்து ஏழு ஆண்டுகள் கழிந்த பின்னர், அவசர அவசரமாக ராடர் கருவிகள் இத்தீவுக்கு வந்தன. கொழும்பில் ஒன்றும் திருகோணமலையில் ஒன்றும் நிறுவப்பட்டன. கருவியைப் பெட்டியில் அடைத்துக் கப்பலில் அனுப்பலாம். அதைச் சூழ இயங்கும் மனித அமைப்பைச் சில வாரங்களில் அவ்வாறு இறக்குமதி செய்ய முடியுமா?

ஏப்ரல் 4ஆம் திகதி, கொக்கலையிலிருந்து கட்டலினா விமானத்தில் சென்ற பேர்ச்சல் என்னும் கனடிய விமானி, இலங்கைக்குத் தெற்கே ஏறத்தாழ 400 மைலில் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டார். சுட்டு வீழ்த்தப்படுமுன் செய்தியையும் அனுப்பிவிட்டார். அடுத்த நாள் ஈஸ்டர் ஞாயிறு. தாக்குதல் வரும் என்று தெரிந்திருந்தும், கொழும்பு ராடரின் எச்சரிக்கை விமானத் தளங்களுக்குக் கிட்டவில்லை. பகைவரின் விமானங்களைத் தலைக்கு மேலே கண்ட பின்னரே இரத்மலானையில் விமானிகள் ஓடி ஏறினர். துறைமுகம் தாக்கப்பட்டது, அங்கொடை மனநோய் மருத்துவமனைமீதும் குண்டுகள் விழுந்தன. கடலிலே டோர்செட்ஷயர், கோர்ன்வோல் என்னும் இரு போர்க் கப்பல்கள் மூழ்கி 424 பேர் மாண்டனர். நகரத்து ஏழைத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் மூட்டை முடிச்சுகளுடன் கொழும்பை விட்டு வெளியேறினர்.

திருகோணமலையில் நடந்தது வேறு. ஏப்ரல் 8ஆம் திகதி பிற்பகல் மற்றொரு கட்டலினா விமானம் பகைக் கப்பற்படையைக் கிழக்குக் கடலில் கண்டது. அன்றிரவே துறைமுகத்துக் கப்பல்கள் வெளியே அனுப்பப்பட்டன. 9ஆம் திகதி காலை ஏழு மணிக்குச் சற்றுப் பின்னர், ஏறத்தாழ 90 மைல் தொலைவிலேயே ஜப்பானிய விமானங்கள் ராடரில் தெரிந்தன. இம்முறை சங்கிலி அறுபடவில்லை. சீனக்குடாவிலிருந்து போர் விமானங்கள் குண்டு விழுமுன்னரே வானில் ஏறி நின்றன. தாக்க வந்தவை ஏறத்தாழ 130. எதிர்த்தவை மிகச் சில. இழப்பு பெரிதாயினும், கொழும்பைப்போல் கண்ணைக் கட்டிக்கொண்டு அடிபடவில்லை. கால் மணி நேர முன்னறிவிப்பின் மதிப்பு அது.

ஆனால் அந்தக் கால் மணி நேரம் மட்டக்களப்புக் கடலுக்குக் கிட்டவில்லை. முதல்நாள் இரவு திருகோணமலையிலிருந்து வெளியேறிய கப்பல்களுள் ஹேர்மிஸ் ஒன்று. விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு வரையப்பட்ட கப்பல்களுள் உலகின் முன்னோடி அது. 1924இல் சேவைக்கு வந்தது. தாங்குவதற்கு அன்று அதில் ஒரு விமானமும் இருக்கவில்லை; அதன் விமானங்கள் கரையில் விடப்பட்டிருந்தன. வம்பயர் என்னும் அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் மட்டும் துணையாக, கரையோரமாகத் தெற்கே வந்தது. காலை ஒன்பது மணியளவில் ஜப்பானிய உளவு விமானம் ஒன்று அதைக் கண்டுவிட்டது. அவ்விமானம் அனுப்பிய செய்தியைப் பிரித்தானியரும் ஒட்டுக் கேட்டனர். ஆபத்து வருவது தெரியும். நேரமும் ஒன்றரை மணி இருந்தது. மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் இடையே தூரம், அன்று காலை ராடர் கண்ட தூரத்திலும் குறைவு. ஆயினும் காலைத் தாக்குதலில் சிதைந்த சீனக்குடாவிலிருந்து காவல் விமானங்கள் வரவில்லை. இரத்மலானையிலிருந்து வந்த சில விமானங்கள் சேருமுன் ஹேர்மிஸ் நீருள் போய்விட்டது. பத்தரை மணிக்குப் பின் தொடங்கிய தாக்குதல் இருபது நிமிடத்தில் முடிந்தது. தளபதி ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் மாண்டனர். அப்பக்கமாக வந்த வீட்டா என்னும் மருத்துவக் கப்பல் ஏறத்தாழ 600 பேரை நீரிலிருந்து மீட்டது.

மாண்டவருள் பெரும்பாலோர் தொழிலாளர் குடும்பத்து இளைஞர். அவர்களைச் சுமந்த கப்பல் இன்றும் கல்லடிக்கு நேரே, கரையிலிருந்து சில மைல் தொலைவில், 50 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் சாய்ந்து கிடக்கிறது.

பகைவரின் பக்கமும் பார்ப்பது நன்று. அன்று காலை கொழும்பிலிருந்து சென்ற பிளென்ஹைம் விமானங்கள் ஒன்பது நகுமோவின் கப்பல்களின் மேலே போய்க் குண்டு வீசின. குண்டுகள் கடலில் வெடித்த பின்னரே ஜப்பானியர் நிமிர்ந்து பார்த்தனர். அக்கப்பல்களில் ராடர் இல்லை. குண்டுகள் இலக்குத் தவறியதால் அவர்கள் தப்பினர். இத்தனைக்கும், ராடருக்கு மிகவும் பொருத்தமான ஒருவகை அலைவாங்கியை யாகி, உடா என்னும் ஜப்பானிய விஞ்ஞானிகளே 1926இல் உலகுக்கு அளித்திருந்தனர். சிங்கப்பூரில் பிடிபட்ட பிரித்தானியக் குறிப்பேடு ஒன்றில் ‘யாகி’ என்ற சொல்லைக் கண்ட ஜப்பானிய அதிகாரிகள், அதன் பொருள் என்னவென்று கைதியிடமே கேட்டார்கள். அது உங்கள் நாட்டு விஞ்ஞானியின் பெயர் என்று பதில் வந்தது! தன் மக்களின் அறிவை மதியாத இராணுவ ஆட்சி, அந்த அறிவைப் பகைவனிடம் கற்க நேர்ந்தது.

பிரித்தானிய ஆட்சியும் இத்தீவின் மக்களை எந்த அளவுக்கு மதித்தது? வானைக் காண நவீனக் கண்ணை நிறுவிய அதே ஆட்சி, யுத்தத்தை எதிர்த்த சமசமாஜத் தலைவர்களை 1940 முதல் விசாரணையின்றிச் சிறையில் அடைத்திருந்தது. என். எம். பெரேரா, பிலிப் குணவர்தன, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி ஆகிய நால்வரும் 1942 ஏப்ரல் 7 இரவு கண்டிச் சிறையிலிருந்து வெளியேறினர். இரு குண்டுவீச்சுக்களுக்கும் நடுவில் நிகழ்ந்தது அது. நாட்டு மக்கள் யுத்தத்தில் பங்காளிகளல்லர். அவர்களின் சம்மதம் கேட்கப்படவில்லை. ஆகவே எச்சரிக்கைச் சங்கிலியிலும் அவர்களுக்கு இடமிருக்கவில்லை. ராடர் துறைமுகத்தைப் பார்த்தது; எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்தது. கல்லடியிலும் களுவாஞ்சிக்குடியிலும் வலை இழுத்தவனுக்குச் செய்தி சொல்லும் வாய் அதற்கு இல்லை. இங்கிலாந்தில் சங்கிலியின் கடைசிக் கணு தெருமுனைச் சங்கொலி. அதைக் கேட்டு ஒவ்வொரு குடும்பமும் பதுங்குமிடம் சென்றது. குடியேற்ற நாட்டில் சங்கிலி விமானத் தளத்தோடு முடிந்துவிட்டது.

யுத்தம் முடிந்தது. ராடர் அமைதித் தொழிலுக்குத் திரும்பியது. மழைத்துளியில் பட்டுத் திரும்பும் அலையால் மேகத்தை அளந்தது. மூடுபனியில் கப்பலுக்கு வழி காட்டியது. விமானங்களைப் பத்திரமாகத் தரையிறக்கியது. வாட்சன் வாட் தொடங்கிய புயல் ஆராய்ச்சிக்கே அது மீண்டும் வந்து சேர்ந்தது எனலாம். பூமியதிர்ச்சியை அளக்கும் கருவிகளும் வானத்தைச் சுற்றும் செயற்கைக் கோள்களும் கூடவே வளர்ந்தன. மனிதகுலத்தின் கண் விரிந்துகொண்டே போயிற்று.

ஆனால் 2004 டிசம்பர் 26 காலை நடந்ததை நினைத்துப் பாருங்கள். சுமாத்திராவின் அருகே கடலடி அதிர்ந்தது. உலகெங்கும் உள்ள கருவிகள் சில நிமிடங்களில் அதைப் பதிந்தன. அலை கிழக்கிலங்கையை அடைய ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாயிற்று. ஹேர்மிஸ் கப்பலுக்கு 1942இல் இருந்த அதே அளவு நேரம்! இந்து சமுத்திரத்துக்கென்று ஓர் எச்சரிக்கை அமைப்பு அன்று இருக்கவில்லை. வாவிக்கும் கடலுக்கும் நடுவே மணல் திட்டாகக் கிடந்த நாவலடி ஏறக்குறைய முற்றாக அழிந்தது. கல்லடியும் காரைதீவும் மருதமுனையும் கல்முனையும் பிணக்காடாயின. இலங்கை முழுவதிலும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அறுபத்திரண்டு ஆண்டுகளில் விஞ்ஞானம் எவ்வளவோ முன்னேறியது. அறிந்தவனுக்கும் ஆபத்தில் இருப்பவனுக்கும் இடையிலிருந்த பள்ளம் மட்டும் தூர்க்கப்படவில்லை.

அதன் பின்னரே அரசுகள் விழித்தன. கடலில் மிதவைக் கருவிகள் வந்தன. கரையில் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. 2012 ஏப்ரல் 11இல் மீண்டும் சுமாத்திராக் கடலடி அதிர்ந்தபோது எச்சரிக்கை ஒலித்தது. மக்கள் கரையை விட்டு விலகினர். அன்று பேரலை வரவில்லை. ஆயினும் சங்கிலியைக் கட்ட முடியும் என்பது நிரூபணமாயிற்று.

காரைதீவிலே பிறந்து, கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவிய சுவாமி விபுலாநந்தர் ஒரு விஞ்ஞானப் பட்டதாரி. விஞ்ஞானக் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் முயற்சியில் அவர் பெரும்பங்கு கொண்டார். அந்த உழைப்பைப் புலமை விளையாட்டு என்று யாராவது எண்ணினால், அவர்கள் எச்சரிக்கைச் சங்கிலியின் கடைசிக் கணுவை மறந்தவராவர். மக்களுக்கு விளங்காத மொழியில் வரும் எச்சரிக்கை, கருவியிலே தெரிந்தும் சொல்லாமல் விட்ட எச்சரிக்கையே.

ராடரின் வரலாறு நமக்குக் கற்பிப்பது இதுதான். கருவியை விலைக்கு வாங்கலாம். அதன் செய்தியை நம்பி இயங்கும் மக்கள் அமைப்பை வாங்க முடியாது, கட்டத்தான் வேண்டும். அதைக் கட்டும் வேலையில் விஞ்ஞானிக்கும், தபாற்காரருக்கும், தொலைபேசியில் அமரும் பெண்ணுக்கும், கரையில் நிற்கும் மீனவனுக்கும் சம இடம் இருக்கவேண்டும். ஆகவே ஒவ்வொரு கரையோரக் கிராமமும் தன் கிராம அலுவலரிடமும், கடற்றொழிலாளர் சங்கத்திடமும், பிரதேச செயலகத்திடமும் கேட்கவேண்டிய கேள்விகள் சில உண்டு. புயலோ அலையோ வருமென்று தலைநகரில் தெரிந்தால், எங்கள் ஊரின் கடைசிக் குடிசைக்கு அதைக் கொண்டுவருபவர் யார்? எந்த மொழியில் சொல்வார்? எத்தனை நிமிடத்தில் சொல்வார்? ஊர்க் கோபுரத்துச் சங்கு கடைசியாக எப்போது ஊதிப் பார்க்கப்பட்டது? இவற்றுக்கு விடை கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டேயிருப்பது கரையோர மக்களின் உரிமை, கடமையும்கூட.